பழைய வண்டியின் புகையும் கல்லாப்பெட்டிப் பணமும்

நம் சங்கத்து வணிகர்களில் புது வண்டி வைத்திருப்பவர்கள் குறைவு. மண்டியிலிருந்து சரக்கு எடுக்கவும், வாடிக்கையாளர் வீட்டுக்கு மாதச் சாமான் கொண்டுபோய்ச் சேர்க்கவும் பத்துப் பதினைந்து வயதான வேனோ காரோதான் நமக்குக் கை கொடுக்கிறது. 1984-ல் வந்து 2019-ல் தயாரிப்பு நின்றுபோன மாருதி ஆம்னி இன்றும் எத்தனையோ மளிகைக் கடை வாசல்களில் நிற்கிறது. கடன் அடைந்துவிட்ட வண்டி. நம் கைக்குப் பழகிய வண்டி. அதை விட்டுவிட யாருக்கும் மனம் வருவதில்லை.

இந்தப் பழைய வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ ஒரு சோதனை வருகிறது. அதுதான் புகைச் சோதனை. அதில் தேறாத வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனால், "கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு சிறு கடையின் மாத லாபம் போய்விடுகிறது. மாற்றிய பிறகும் சில வண்டிகள் தேறுவதில்லை.

கிடங்கில் இருப்புக் குறைந்தால் நாம் உடனே கணக்குப்பிள்ளையை வேலையை விட்டு அனுப்புவதில்லை. முதலில் தராசைப் பார்க்கிறோம். பிறகு மூட்டையில் ஓட்டை உண்டா, எலி கடித்ததா, ஈரம் காய்ந்து எடை குறைந்ததா, பில் புத்தகத்தில் ஒரு வரி விட்டுப்போயிற்றா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். வண்டியின் புகைக்கும் அதே முறைதான். மலிவானதிலிருந்து விலை உயர்ந்ததை நோக்கி, எளியதிலிருந்து கடினமானதை நோக்கிப் போக வேண்டும். அந்த வழியை நம் வணிகர்களுக்குப் புரியும்படி இங்கே எழுதுகிறோம். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவரும் இதைப் படித்துவிட்டு மெக்கானிக்கிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

சட்டம் சொல்வது என்ன?

மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989), 115-வது விதிப்படி, முதல் பதிவு நடந்து ஓராண்டு கடந்த ஒவ்வொரு வண்டிக்கும் புகைச் சான்று இருக்க வேண்டும். சான்று 6 மாதம் செல்லும். பி.எஸ். 4 நிலையிலும் அதற்குப் பிறகும் வந்த வண்டிகளுக்கு ஓராண்டு. நாடு முழுவதும் பி.எஸ். 2 நிலை 2005 ஏப்ரலிலும், பி.எஸ். 3 நிலை 2010 ஏப்ரலிலும், பி.எஸ். 4 நிலை 2017 ஏப்ரலிலும், பி.எஸ். 6 நிலை 2020 ஏப்ரலிலும் கட்டாயமாயின. பெருநகரங்களில் இவை சில ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிட்டன.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, அளவுக்கு மீறிப் புகை விடும் வண்டியை ஓட்டுபவருக்கு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஓட்டுநர் உரிமமும் 3 மாதம் முடக்கப்படலாம். புகைச் சான்று இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனை 2024 ஜூலையில் நீக்கப்பட்டது. அதனால் சான்றே தேவையில்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சான்று வைத்திருக்க வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. வண்டி ஓட்டுவது நம் கடைப் பையன் என்றால் உரிமம் முடங்குவது அவனுக்கு. அவன் பிழைப்பும் இதில் இருக்கிறது.

சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்

புகைச் சோதனைச் சீட்டை நாம் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறோமே தவிர, படிப்பதில்லை. கொள்முதல் பில்லை அப்படிப் படிக்காமல் வைப்போமா? பெட்ரோல் வண்டிச் சீட்டில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று கார்பன் மோனாக்சைடு. அது நூற்றுக்கு இத்தனை என்று இருக்கும். மற்றொன்று ஹைட்ரோ கார்பன், அதாவது எரியாமல் வெளியே போகும் பெட்ரோல். அது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று இருக்கும்.

எஞ்சின் வெறுமனே ஸ்லோவில் ஓடும்போது, பி.எஸ். 2-க்கு முந்தைய நான்கு சக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோ கார்பன் 1,500 என்பது உச்ச அளவு. பி.எஸ். 2, பி.எஸ். 3 வண்டிகளுக்கு 0.5 சதவீதம், 750. பி.எஸ். 4 வண்டிக்கு 0.3 சதவீதம், 200.

இந்த இரண்டு எண்களே பாதி நோயைச் சொல்லிவிடும்.

கார்பன் மோனாக்சைடு மட்டும் ஏறியிருந்தால், எஞ்சினுக்குள் பெட்ரோல் கூடுதலாகவும் காற்றுக் குறைவாகவும் போகிறது என்று பொருள். ஏர் பில்டர் அடைப்பு, ஒழுகும் இன்ஜெக்டர், கார்புரேட்டர் வண்டியில் திறக்காமல் சிக்கிய சோக், தவறான தகவல் தரும் சென்சார் ஆகியவை சந்தேகத்துக்கு உரியவை.

ஹைட்ரோ கார்பன் மட்டும் ஏறியிருந்தால், பெட்ரோல் எரியாமலே தப்பிப் போகிறது. எஞ்சின் மிஸ் ஆகிறது. தேய்ந்த ஸ்பார்க் பிளக், கசியும் பிளக் ஒயர், சரியில்லாத இக்னிஷன் டைமிங், சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு, எங்கோ காற்று புகுந்து கலவை மிக மெலிந்துபோவது ஆகியவை காரணமாகலாம்.

இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால், கலவை மிகக் கனத்து எஞ்சின் மிஸ் ஆகிறது, அல்லது கன்வெர்ட்டர் செயலிழந்துவிட்டது. கன்வெர்ட்டரின் பேர் இங்கேதான் முதன்முதலாக வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் புகையும் பேசும். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் வண்டி எடுத்ததும் வரும் வெள்ளை ஆவி சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் கவலையில்லை. சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது. உடனே பார்க்க வேண்டும்.

வண்டிக்குள் இருக்கும் ஐந்து காவலர்கள்

புகையைக் கட்டுப்படுத்த வண்டிக்குள் வைக்கப்பட்டவற்றில் ஐந்தை அறிந்தால் போதும்.

முதலாவது பி.சி.வி. வால்வு. எஞ்சினின் அடிவயிற்றில் சேரும் எரியாத வாயுவை வெளியே விடாமல், மறுபடியும் எஞ்சினுக்கே எரிக்கக் கொடுப்பது இதன் வேலை.

இரண்டாவது கேனிஸ்டர் எனப்படும் கரி டப்பா. பெட்ரோல் டாங்கில் எழும் ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும்.

மூன்றாவது ஈ.ஜி.ஆர். வால்வு. இது எல்லா வண்டியிலும் இருக்காது. எரிந்த புகையில் சிறு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விட்டு உள்ளே உஷ்ணத்தைக் குறைக்கும். உஷ்ணம் குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு குறையும்.

நான்காவது ஆக்சிஜன் சென்சார். சைலன்சர் குழாயில் திருகப்பட்டு, போகும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். சுத்தமான பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது சரியான கலவை.

ஐந்தாவது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்களை மெல்லிய பூச்சாகப் பூசியிருப்பார்கள். நச்சு வாயு அதன் வழியே போகும்போது பெருமளவு தீங்கு குறைந்த வாயுவாக மாறும். நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் இதைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் அதே சமயம் அங்கே வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடெங்கும் ஈயமில்லாத பெட்ரோல்தான்.

இந்த ஐந்தில் கன்வெர்ட்டர்தான் கடைசியில் நிற்கிறது. முன்னால் இருப்பவர்களில் ஒருவர் கடமை தவறினாலும் சுமை அதன் தலையில் விழுகிறது. கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. மற்றவற்றின் கோளாறுதான் அதைக் கொல்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய கன்வெர்ட்டர் போடுவது, ஒழுகும் கூரையைக் கட்டாமல் நனைந்த சர்க்கரை மூட்டையை எடுத்துவிட்டுப் புது மூட்டை அடுக்குவது போலத்தான்.

முதலில் சில நூறு ரூபாய் வேலைகள்

ஏர் பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றுங்கள். மிளகாய்த்தூள், மாவு, சிமெண்ட் ஏற்றும் வண்டிகளிலும் மண் சாலையில் ஓடும் வண்டிகளிலும் இது விரைவில் அடைபடும்.

பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் கலவை கனம். எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் ஏறுகிறது. வெளுத்துப் போயிருந்தால் கலவை மெலிவு அல்லது அதிகச் சூடு. ஒரு சிலிண்டர் பிளக் மட்டும் மாறுபட்டிருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில்தான் என்று தெரிந்துவிடும்.

எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். கடைக்கும் வீட்டுக்கும் குட்டி ஓட்டமாக ஓடும் வண்டியில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்துவிடும். அது ஆவியாகி பி.சி.வி. வழியே எஞ்சினுக்குள் போய்க் கலவையைக் கனக்கச் செய்யும். ஆயில் மாற்றியதிலேயே எண் இறங்கிய வண்டிகள் உண்டு.

பிறகு, மெல்லிய வேக்குவம் ஹோஸ்கள் ஒவ்வொன்றையும் விரலால் வளைத்துப் பாருங்கள். எஞ்சின் சூட்டில் ரப்பர் கெட்டிப்பட்டு வெடித்திருக்கும். வெடிப்பு வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போகும். எஞ்சின் ஓடும்போது காதைக் கொடுத்தால் "உஸ்" என்ற சத்தம் கேட்கலாம். 2023-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து 2025-ல் நாடெங்கும் பரவியது. பழைய வண்டிகளின் பெட்ரோல் ஹோஸும் வாஷரும் அதை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே பழைய வண்டிக்காரர்கள் பெட்ரோல் வரும் ஹோஸ்களை அடிக்கடி பார்த்து, உப்பியோ பிசுபிசுத்தோ இருந்தால் உடனே மாற்றிவிடுவது நல்லது. இது தீ விபத்துச் சம்பந்தப்பட்ட விஷயமும் ஆகும்.

காவலர்களைச் சோதிக்கும் முறை

பி.சி.வி. வால்வு: எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது வால்வை அதன் இடத்திலிருந்து எடுத்து, வாயில் விரலை வைத்தால் இழுக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் வால்வோ ஹோஸோ அடைபட்டிருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு வால்வைக் கழற்றிக் குலுக்கினால், பெரும்பாலான வகைகளில் உள்ளே "கலகல" என்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் பிசின் பிடித்துவிட்டது. அடைபட்ட வால்வால் எஞ்சினுள் அழுத்தம் ஏறி சீல்கள் வழியே ஆயில் கசியும். "சீல் போய்விட்டது" என்று எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் இந்தச் சின்ன வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரி டப்பாவும் பர்ஜ் வால்வும்: பர்ஜ் வால்வு மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்க வேண்டும். கழற்றி ஒரு முனையில் ஊதினால் காற்றுப் போகக் கூடாது. போனால் அது திறந்தே சிக்கியிருக்கிறது. பெட்ரோல் போட்டவுடன் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதும், ஸ்லோவில் தடுமாறுவதும் இதன் அடையாளம். டப்பா கெடுவதற்கு முக்கியக் காரணம் நம்மிடமே இருக்கிறது. பங்க்கில் தானாகக் கட் ஆன பிறகும், "கழுத்து வரை போடு" என்று பையனிடம் சொல்கிறோம். மேலே ஏறும் பெட்ரோல் ஆவி போகும் குழாய் வழியே டப்பாவுக்குள் இறங்கிக் கரியை நனைத்துவிடுகிறது. முதல் கட்டோடு நிறுத்துங்கள். டாங்க் மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள்.

ஈ.ஜி.ஆர். வால்வு: கரி பிடித்துத் திறந்தே நின்றால் ஸ்லோவில் எஞ்சின் நடுங்கும், நின்றுபோகும். மூடியே நின்றால் ஸ்லோவில் ஒன்றும் தெரியாது. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது எஞ்சின் தட்டும். பெரும்பாலும் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தாலே போதும். டீசல் வண்டியில் இது திறந்து சிக்கினால் கறுப்புப் புகை தள்ளும். சிலர் இதைத் தகடு வைத்து அடைத்துவிடச் சொல்வார்கள். அது சட்டத்துக்கும் விரோதம், எஞ்சினுக்கும் நல்லதன்று.

ஆக்சிஜன் சென்சார்: பழைய வண்டிகளில் உள்ள சாதாரண வகை, சூடானபின் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். மீட்டரில் பார்த்தால் ஊஞ்சல் போல ஆடும். ஒரே இடத்தில் நின்றாலோ, சோம்பலாக அசைந்தாலோ சந்தேகப்படலாம். ஆனால் தீர்ப்புச் சொல்லும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் விரிசலோ, கேஸ்கெட் கசிவோ இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். சென்சார் அதைப் பார்த்துவிட்டு "ஆக்சிஜன் அதிகம்" என்று உண்மையைத்தான் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். இங்கே சென்சார் குற்றவாளி அன்று. ஓட்டைக் குழாய்தான் குற்றவாளி.

கன்வெர்ட்டர்: வண்டி நன்றாக ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே சில்லுகள் குலுங்கினால் பீங்கான் உடைந்துவிட்டது. வண்டிக்கு மேட்டில் இழுவை இல்லை, வேகம் ஏறவில்லை என்றால் அடைப்பு இருக்கலாம். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்த மீட்டர் வைத்துப் பார்த்தால் அடைப்புத் தெரிந்துவிடும். எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் வைத்தபோது 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் சந்தேகம் வலுக்கிறது. இந்தச் சோதனை ஒன்றும் செய்யாமல் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்லும் இடத்தில் பணத்தை எடுக்காதீர்கள்.

கன்வெர்ட்டரைக் கொல்பவை மூன்று. மிஸ் ஆகும் எஞ்சினிலிருந்து வரும் எரியாத பெட்ரோல் உள்ளே எரிந்து பீங்கானை உருக்கிவிடும். ஆயில் குடிக்கும் எஞ்சினிலிருந்து வரும் சாம்பல் பூச்சை மூடிவிடும். மேடு பள்ளத்தில் அடிவாங்கினால் பீங்கான் உடையும். பிளக் ஒன்று வேலை செய்யாமல் "நாளை பார்ப்போம்" என்று ஒரு வாரம் ஓட்டினால், சில நூறு ரூபாய் செலவு பல ஆயிரமாக வளர்ந்துவிடுகிறது.

விளக்கு எரிந்தால்

2013 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ். 4 கார்களில் ஓ.பி.டி. 2 என்ற தன்சோதனை முறை கட்டாயம். கோளாறு வந்தால் முகப்பில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரியும். சிறிய ஸ்கேனர் கருவியைச் செருகினால் எண் ஒன்று கிடைக்கும். பி 0171 என்றால் கலவை மெலிவு. பி 0172 என்றால் கலவை கனம். பி 0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ். பி 0401 என்றால் ஈ.ஜி.ஆர். ஓட்டம் போதவில்லை. பி 0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைவு.

இந்த எண் சாட்சி சொல்கிறதே ஒழிய, தீர்ப்புச் சொல்வதில்லை. பி 0420 என்று வந்ததும் கன்வெர்ட்டரை மாற்றிவிடுவது அவசரம். குழாய்க் கசிவும், பின் சென்சார் கோளாறும், தொடர்ந்து மிஸ் ஆவதும்கூட அந்த எண்ணைக் கொண்டுவரும். வேறு எண்களும் சேர்ந்து வந்தால் அவற்றை முதலில் தீர்க்க வேண்டும். எண்ணை வெறுமனே அழித்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்வதையும் ஏற்காதீர்கள். சில நாளில் விளக்கு மறுபடியும் எரியும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால், மிஸ் கடுமையாக இருக்கிறது, கன்வெர்ட்டருக்கு ஆபத்து என்று பொருள். வேகத்தைக் குறைத்து அருகில் உள்ள ஒர்க்‌ஷாப்பில் நிறுத்துங்கள்.

ஒரு மளிகை வணிகரின் வேன்

நமக்குத் தெரிந்த மளிகை வணிகர் ஒருவரின் பி.எஸ். 3 பெட்ரோல் வேன் புகைச் சோதனையில் தேறவில்லை. கார்பன் மோனாக்சைடு 2 சதவீதத்துக்கு மேல். ஹைட்ரோ கார்பன் அளவுக்குள்தான் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் கன்வெர்ட்டரைக் கை காட்டினார்கள். தீபாவளி நெருங்கும் நேரம். வண்டி நின்றால் டெலிவரி நிற்கும். யோசிக்க நேரமில்லாமல் மாற்றிவிட்டார். மறுசோதனையில் எண் சிறிதளவே இறங்கியது. அடுத்து ஆக்சிஜன் சென்சார் என்றார்கள். அதையும் மாற்றினார். அப்போதும் தேறவில்லை.

பிறகு வயதான மெக்கானிக் ஒருவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "பெட்ரோல் அதிகமாகப் போகிறது. யார் போகச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்" என்றார். எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரின் ஒயர் முனையைக் கழற்றினார். பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்தக் களிம்பால் மின்தடை ஏறி, எஞ்சின் சூடாகிவிட்ட பின்னும் "இன்னும் குளிராகவே இருக்கிறது" என்ற தகவல் போயிருக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பது கம்ப்யூட்டரின் இயல்பு. அந்த நிலையில் அது ஆக்சிஜன் சென்சாரின் பேச்சையும் கேட்காது. கன்வெர்ட்டர் எத்தனை புதிதாக இருந்தாலும், புகையில் ஆக்சிஜன் மிச்சமில்லாதபோது கார்பன் மோனாக்சைடை மாற்ற அதனால் முடியாது. முனையைச் சுத்தம் செய்து புது இணைப்பு வைத்ததும் எண் 0.2-க்கு இறங்கிவிட்டது. கூலி மிகச் சொற்பம்.

வேதனை என்னவென்றால், கழற்றிய பழைய கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருந்திருக்கிறது. அதைத் திரும்பக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. உள்ளே இருப்பது பிளாட்டினம் வகை உலோகம். பழைய கன்வெர்ட்டருக்குச் சந்தையில் விலை உண்டு. காலிச் சாக்குக்கும் காலி டின்னுக்கும் கணக்கு வைக்கும் நாம், இதற்குக் கணக்கு வைக்க வேண்டாமா? எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள்.

கிடங்கில் உயிர் முக்கியம்

இனிச் சொல்வது பணத்தைவிடப் பெரிய விஷயம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகும். தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி என்று தொடங்கி மயக்கத்தில் முடியும். உயிரும் போகலாம்.

மழை நாளில் வேனைக் கிடங்குக்குள் பின்னால் விட்டு, எஞ்சினை நிறுத்தாமல் ஷட்டரைப் பாதி இறக்கிச் சரக்கு இறக்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. புகைச் சோதனையில் தேறாத வண்டி என்றால் இந்த ஆபத்துப் பல மடங்கு. மூட்டை சுமக்கும் தொழிலாளி சாதாரண ஆளைவிட வேகமாக மூச்சு வாங்குகிறார். நச்சும் வேகமாக ஏறும். கிடங்குக்குள் எஞ்சின் ஓடக் கூடாது என்பதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது தலைச்சுற்றல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் வேன்களில், சைலன்சர் குழாயின் கசிவு வண்டிக்குள்ளேயே வரக்கூடும். ஓட்டுகிறவருக்கு அடிக்கடி தலைவலி என்றால் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தீயும் ஒரு பயம். ஓடும் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூடாகும். மிஸ் ஆகும் வண்டியில் இன்னும் அதிகம். வைக்கோல், காலிச் சாக்கு, அட்டைப்பெட்டி, காய்ந்த சருகு மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். வண்டிக்கு அடியில் போய் வேலை பார்ப்பவர் செங்கல்லை முட்டுக் கொடுத்து நுழையக் கூடாது. அதற்கென்று உள்ள ஸ்டாண்டு வேண்டும். பெட்ரோல் ஹோஸ் கழற்றும் இடத்தில் பீடி கூடாது.

சோதனைக்குப் போகும் நாள்

குளிர்ந்த கன்வெர்ட்டர் வேலை செய்யாது. ஏறக்குறைய 250, 300 டிகிரி சூட்டைத் தொட்ட பிறகுதான் அது விழிக்கும். ஆகவே பக்கத்துத் தெருவிலிருந்து நேராகச் சோதனை மையத்துக்குப் போகாமல், இருபது நிமிடமாவது வெளிச் சாலையில் ஓட்டிவிட்டுப் போங்கள். அங்கே வரிசையில் நெடுநேரம் எஞ்சினை நிறுத்தி வைத்தால் மறுபடியும் ஆறிவிடும். ஏ.சி.யை நிறுத்துங்கள். குட்டி ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டியை வாரத்துக்கு ஒருமுறை நீண்ட ஓட்டம் விட்டால் கரி சேர்வதும் குறையும்.

வண்டியைப் பார்க்காமலே சீட்டுக் கொடுக்கும் இடம் தேடிப் போகாதீர்கள். அப்படி வாங்கும் சீட்டு போலீஸ்காரருக்குக் காட்ட உதவலாம். எஞ்சின் வீணாக்கும் பெட்ரோலை அது நிறுத்தாது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோ கார்பனும் யாருடைய பணம்? நாம் பங்க்கில் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான் முழுதாக எரியாமல் அந்த உருவில் போகிறது. கள்ளத் தராசில் நிறுத்து நம்மையே நாம் ஏமாற்றிக்கொள்வதற்கு ஒப்பானது அது.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

ஒன்று, சீட்டில் எந்த எண் ஏறியிருக்கிறது, அதற்கு என்ன காரணம் இருக்கலாம்? இரண்டு, பிளக், பில்டர், ஹோஸ், குழாய்க் கசிவு பார்த்தாயிற்றா? மூன்று, இந்தப் பாகம் கெட்டுவிட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது? நான்கு, ஏன் கெட்டது. அந்தக் காரணத்தைச் சரிசெய்தோமா? ஐந்து, பழைய பாகம் எங்கே?

ஒரு சமயத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது மருந்து, எது வீண் செலவு என்று தெரியாமல் போகும். வண்டிக்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், கொடுத்த தொகை, புகைச் சீட்டின் இரண்டு எண்கள், லிட்டருக்கு ஓடிய தூரம் ஆகியவற்றை எழுதுங்கள். கார்பன் மோனாக்சைடு 0.1, 0.2, 0.4 என்று சோதனைக்குச் சோதனை ஏறிக்கொண்டே வந்தால், தேறாமல் போகும் முன்பே நமக்கு எச்சரிக்கை கிடைத்துவிடும். அப்போது வேலையும் சிறியது, செலவும் சிறியது.

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். நம் கடையில் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, "இது எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் நாம் கோபப்படுகிறோமா? விவரம் தெரிந்தவர் என்று மரியாதைதானே கொடுக்கிறோம். அந்த மரியாதையை ஒர்க்‌ஷாப்பில் நாமும் பெறுவோம். அடுத்த புகைச் சோதனை எந்தத் தேதியில் என்று இன்றே சான்றை எடுத்துப் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்னதாக ஏர் பில்டரையும் பிளக்கையும் கழற்றிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.